ஓய்வு மட்டும் போதுமா?
தொடையிடுக்கு வலியும் கால்பந்தாட்டக்காரரும்

மாலை ஐந்து மணி. சயனைடு மேட்டின் நிழல் நீண்டு விழுகிறது. புல்லில்லாத கடுந்தரையில் இருபது இளைஞர்கள் ஒரு பந்தைத் துரத்திக்கொண்டிருக்கிறார்கள். சிலர் காலில் காலணி உண்டு; சிலர் வெறுங்காலர். பெங்களூரிலிருந்து திரும்பும் ரயில் மாரிக்குப்பத்தை அடையும்போது இன்னும் சிலர் வந்து சேர்வார்கள். இருட்டிப் பந்து கண்ணுக்குத் தெரியாமற் போகும்வரை ஆட்டம் நடக்கும். கோலார் தங்கவயலில் பிறந்த எவருக்கும் இக்காட்சி புதிதன்று.

1880-ஆம் ஆண்டு ஜான் டெய்லர் கம்பெனியார் அங்கே சுரங்கத் தொழிலைத் தொடங்கினர். வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் நம் பாட்டன்மார் பிழைப்புத் தேடி அங்கே சென்றனர். சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் இறங்கிப் பாறையைக் குடைந்தனர். வெள்ளைக்கார அலுவலர்களோடு ஊருக்குள் வந்த ஆட்டங்களில் கால்பந்தும் ஒன்று. அலுவலர்கள் போயினர். 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கமும் மூடப்பட்டது. ஆனால் பந்து மட்டும் லைன் வீடுகளின் இடையே இன்னும் உருண்டுகொண்டிருக்கிறது.

அந்தப் பந்து எங்களுக்கு வெறும் பொழுதுபோக்கு அன்று. சுரங்கம் மூடிய ஊரில், விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைக்கும் ஒரு கல்லூரி இடமோ, ஒரு ரயில்வே வேலையோ ஒரு குடும்பத்தின் தலையெழுத்தையே மாற்றிவிடும். ஆகவே ஆட்டக்காரனின் காலுக்கு வரும் கேடு, அவன் வீட்டுக்கே வரும் கேடு. எலும்பு முறிந்தால் ஊரே ஓடி வரும்; கட்டுப் போடும்; ஆறும்வரை காத்திருக்கும். ஆனால் வீக்கமும் காட்டாமல், காயமும் காட்டாமல், வந்து வந்து போய், ஒருவனை மெல்ல மெல்ல ஆட்டத்திலிருந்தே விலக்கிவிடும் கேடு ஒன்று உண்டு. அதுதான் தொடையிடுக்கு வலி. எங்கள் ஊர்ப் பேச்சில், 'கவுட்டியில பிடிச்சுக்கிச்சு' என்பார்கள்.

அதைப் பற்றி எழுத எனக்கு ஓர் உரிமை உண்டு. என்னையும் அது பிடித்தது.

பல்கலைக்கழகத்தில் சேர்ந்த முதல் ஆண்டு. விடுமுறையில் ஊருக்குச் சென்றிருந்தேன். ஓடிவந்த பந்தை இடக்கோடியிலிருந்து திருப்பி அடித்தபோது, வலத் தொடையின் உட்புறத்தில் யாரோ கயிற்றைச் சுண்டி இழுத்தது போல் இருந்தது. நொண்டிக்கொண்டு வெளியேறினேன். வெந்நீர் ஒத்தடம் கொடுத்தார்கள். எண்ணெய் தேய்த்து உருவிவிட்டார்கள். நான்கு வாரம் படுத்துக் கிடந்தேன். வலி அறவே போயிற்று. மகிழ்ச்சியோடு பல்கலைக்கழக அணித் தேர்வுக்குச் சென்றேன். இருபதாவது நிமிடத்தில் அதே இடத்தில், அதே சுண்டல். அந்த ஆண்டு என் பெயர் பட்டியலில் இல்லை.

ஊரில் நாங்கள் 'அண்ணன்' என்று அழைக்கும் மூத்த ஆட்டக்காரர் ஒருவர் உண்டு. ஒரு காலத்தில் அவர் பந்தோடு ஓடினால் எதிரணியினர் வழிவிட்டு நிற்பர். இதே வலியால் இருபத்து நான்காம் வயதில் ஆட்டத்தை விட்டவர். இன்று பெங்களூருக்கு ரயிலேறி வேலைக்குச் சென்று வருகிறார். என்னைப் பார்த்து அவர் சொன்னார்:

"தம்பி, கவுட்டியில பிடிச்சா அவ்வளவுதான். ஆட்டத்தை மறந்துட்டுப் படிப்பைப் பாரு."

அன்பினால் சொன்னார். ஆனால் அது உண்மையன்று. உண்மை இன்னதென்று அறிந்துகொள்ள எனக்கு ஓராண்டு பிடித்தது. உங்களுக்கு அந்த ஓராண்டு வீணாக வேண்டாம் என்றே இதை எழுதுகிறேன்.

இழுப்பது எது?

அடிவயிறும் தொடையும் கூடும் இடமே தொடையிடுக்கு. இடுப்பெலும்பின் முன்பகுதியிலிருந்து புறப்பட்டுத் தொடையின் உட்புறமாக இறங்கும் தசைக் கூட்டம் ஒன்று உண்டு. தொடையை உடலின் நடுக்கோட்டை நோக்கி இழுப்பது அதன் வேலை. மருத்துவர்கள் அடக்டர் தசைகள் என்பர். நாம் உள்ளிழு தசைகள் என்போம். ஆட்டக்காரர்களிடம் மிகுதியாகக் கேடுறுவது அவற்றுள் அடக்டர் லாங்கஸ் என்னும் நீண்ட தசை. அது எலும்பைப் பற்றும் இடம் சிறியது. தாங்க வேண்டிய பளுவோ பெரியது.

பந்தை ஓங்கி அடிக்கும் காலைக் கவனியுங்கள். முதலில் கால் பின்னோக்கியும் வெளிப்புறமாகவும் போகிறது. பிறகு முன்னோக்கிப் பாய்கிறது. பின்னோக்கிய வீச்சு முடிந்து முன்னோக்கிய பாய்ச்சல் தொடங்கும் அந்தக் கணத்தில், உள்ளிழு தசை நீண்டுகொண்டே இழுக்கவும் வேண்டும்.

நீண்டுகொண்டே இழுப்பதா, அது எப்படி என்று கேட்கலாம். சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கும் கூண்டை நினைத்துக்கொள்ளுங்கள். கூண்டு இறங்க இறங்கக் கம்பிக்கயிறு நீளும். ஆனால் மேலேயுள்ள எந்திரம் அதைச் சும்மா விட்டுவிடுவதில்லை. பிடித்துப் பிடித்து விடுகிறது. பிடி தளர்ந்தால் கூண்டு பாதாளத்தில் விழும். தசையும் அப்படித்தான். சுருங்கும்போது செய்யும் வேலையைவிட, நீளும்போது பிடித்து நிறுத்தும் வேலையே அதற்குக் கடினம். உதைக்கும்போதும், ஓடும் வேகத்தில் சட்டென்று திரும்பும்போதும், பந்துக்காகக் காலை எட்டி நீட்டும்போதும் இந்தப் பிடிதான் தேவைப்படுகிறது. பிடிக்க வலுவில்லாத தசை கிழிகிறது. அல்லது எலும்பைப் பற்றும் இடத்தில் நாட்பட நோகிறது.

இது தங்கவயலுக்கு மட்டும் உரிய நோய் அன்று. ஐரோப்பாவின் பெருங்கழகங்களை ஆராய்ந்தவர்கள், ஆட்டத்தில் நேரும் காயங்களில் நூற்றுக்கு 12 முதல் 16 வரை இடுப்பும் தொடையிடுக்கும் சார்ந்தவை என்றும், இருபத்தைந்து பேர் கொண்ட அணியில் பருவத்துக்கு ஏறக்குறைய ஏழு முறை இது நேரும் என்றும் கண்டனர். கோடி கோடியாகப் பொருள் பெறும் வீரனையும், வெறுங்காலோடு ஆடும் எங்கள் பையனையும் இது ஒன்றுபோலவே பார்க்கிறது. வேறுபாடு வலி வந்த பின்னரே தொடங்குகிறது. அவனுக்கு வழிகாட்ட ஆள் உண்டு. நம்மவனுக்குக் கட்டிலும் ஒத்தடமும்தான் உண்டு.

ஓய்வு ஏன் ஏமாற்றுகிறது?

ஓய்வெடுத்தால் வலி போகிறதே. பிறகு ஏன் திரும்புகிறது? வலி போவது வேறு, வலு வருவது வேறு. நான்கு வாரம் படுத்துக் கிடந்தவனின் தசை நான்கு வாரம் வேலையின்றி இளைத்திருக்கிறது. முன்னரே பிடிக்க வலுவில்லாமல் கிழிந்த தசை, இப்போது முன்னிலும் மெலிந்த நிலையில் அதே உதைக்கும் அதே திருப்பத்துக்கும் அனுப்பப்படுகிறது. அது மீண்டும் கேடுறுவதில் வியப்பென்ன? ஒருமுறை இக்காயம் பட்டவனுக்கு மறுமுறை வருவது எளிது என்பது ஆராய்ச்சியாளர் பலரும் ஒப்புக்கொண்ட உண்மை.

இதைத் தெளிவாக நிறுவியவர்கள் டென்மார்க் நாட்டினர். பெர் ஹோல்மிக் என்னும் மருத்துவரும் அவர் தோழர்களும் நடத்திய ஆய்வு 1999-இல் 'லான்செட்' என்னும் மருத்துவ இதழில் வெளிவந்தது. நீண்ட நாளாகத் தொடையிடுக்கு வலியால் வருந்திய 68 ஆட்டக்காரர்களை இரு கூறாகப் பிரித்தனர். ஒரு கூறினருக்குத் தேய்த்தல், நீட்டல், மின்சிகிச்சை போன்றவை. மற்றொரு கூறினருக்கு வலுவூட்டும் பயிற்சிகள். இரண்டும் 8 முதல் 12 வாரம் நடந்தன. இறுதிவரை நின்றவர்களுள், பயிற்சி செய்த 29 பேரில் 23 பேர் வலியின்றிப் பழைய தரத்திலேயே ஆட்டத்துக்குத் திரும்பினர். தேய்த்தலும் நீட்டலும் பெற்ற 30 பேரிலோ அவ்வாறு திரும்பியவர் நால்வரே.

இருபத்து மூவர் எங்கே, நால்வர் எங்கே! அந்த எண்களைப் படித்த இரவு எனக்கு அண்ணனின் நினைவு வந்தது. அந்த ஆய்வு வெளிவந்த பின்னர்தான் அவர் ஆட்டத்தை விட்டார். மருந்து உலகில் இருந்தது. எங்கள் திடலுக்கு வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

முதலில் அறிய வேண்டியவை

தொடையிடுக்கில் வரும் வலியெல்லாம் ஒன்றன்று. 2014-இல் பல நாட்டு வல்லுநர்கள் தோகா நகரில் கூடி இதனை வகைப்படுத்தினர். உள்ளிழு தசை சார்ந்தது, இடுப்பை முன்மடக்கும் தசை சார்ந்தது, அடிவயிற்றோரம் சார்ந்தது, இடுப்பெலும்பின் முன்பொருத்து சார்ந்தது, இவற்றோடு இடுப்பு மூட்டிலிருந்தே வரும் வலியும் உண்டு. நான் கூறப்போகும் பயிற்சிகள் முதல் வகைக்கே சிறப்பாக உரியவை. தொடையின் உட்புறத்தில் தசை எலும்பைப் பற்றும் இடத்தை அழுத்தினால் நோவதும், இரு கால்களையும் ஒன்றோடொன்று நெருக்கினால் அதே இடத்தில் வலிப்பதும் அதன் அடையாளங்கள்.

கீழ்க்கண்டவற்றுள் ஏதேனும் இருந்தால் பயிற்சியைத் தொடங்காமல் மருத்துவரிடம் செல்லுங்கள்: 'டப்' என்ற ஓசையோடு வலி வந்து தொடை கறுத்துப் போதல், கால் ஊன்றி நடக்க முடியாமை, இருமினால் புடைக்கும் வீக்கம், காய்ச்சல், சிறுநீர் எரிச்சல், படுத்திருந்தாலும் இரவில் ஓயாத வலி. வளரும் வயதுச் சிறுவன் இடுப்பு வலியோடு நொண்டினால் அவனையும் காட்டியாக வேண்டும். விரையில் திடீரென்று கடுவலி வந்தால் ஒரு மணி நேரமும் தாழ்த்தலாகாது. வெட்கப்பட்டு மறைத்தால் பிறகு வருந்த நேரும்.

காயம் பட்ட முதல் இரண்டு மூன்று நாட்கள் ஆட்டத்தை நிறுத்துங்கள். துணியில் சுற்றிய பனிக்கட்டியைப் பதினைந்து நிமிடம் வைத்தால் வலி தணியும். கட்டிலே கதி என்று கிடக்க வேண்டியதில்லை; வலிக்காத அளவுக்கு நடக்கலாம். புதுக்காயத்தை எண்ணெயிட்டு முரட்டுத்தனமாக உருவுவதும், காலை அகட்டி வலிக்க வலிக்க நீட்டுவதும் வேண்டா. கிழிந்த துணியை இழுத்துப் பார்ப்பவர் உண்டோ?

நிறம் காட்டும் சோதனை

இனி ஓர் எளிய சோதனை. டென்மார்க்கைச் சேர்ந்த கிறிஸ்டியன் தோர்போர்க் முதலியோர் இதனைப் பரப்பினர். மல்லாந்து படுத்துக் கால்களை நேராக நீட்டுங்கள். ஒரு தோழன் தன் முன்கையை உங்கள் இரு கணுக்கால்களுக்கும் இடையே வைக்கட்டும். ஐந்து விநாடி உங்களால் முடிந்த மட்டும் நெருக்குங்கள். வலியில்லை என்றால் 0, தாங்கவொண்ணா வலி என்றால் 10 என்று வைத்துக்கொண்டு, உங்கள் வலிக்கு ஓர் எண் சொல்லுங்கள்.

0 முதல் 2 வரை பச்சை விளக்கு, போகலாம். 3 முதல் 5 வரை மஞ்சள் விளக்கு, பார்த்துப் போகவேண்டும். 6 முதல் 10 வரை சிவப்பு விளக்கு, நிற்கவேண்டும். வாரம் ஒருமுறை இச்சோதனையைச் செய்து ஒரு குறிப்பேட்டில் எண்ணை எழுதி வாருங்கள். எண் இறங்கினால் வழி சரி. ஏறினால் அவசரப்படுகிறீர்கள் என்று பொருள். பயிற்சியின்போதும் இந்த எண்ணே நமக்கு வழிகாட்டி. வலி 2-க்குள் இருந்தால் தொடரலாம். 3-ஐத் தாண்டினால் ஒரு படி இறங்கவேண்டும். மறுநாட் காலை வலி கூடியிருந்தால் நேற்றுச் செய்தது மிகை என்று அறிந்து குறைத்துக்கொள்ள வேண்டும்.

முதற்படி: பந்தை நெருக்குதல்

இதற்கு வேண்டிய கருவி நாம் ஆடும் அதே பந்துதான். மல்லாந்து படுத்துக் கால்களை நீட்டிப் பாதங்களுக்கு இடையே பந்தை வைத்து நெருக்குங்கள். அசையாமல் 30 விநாடி. பிறகு சற்று ஓய்வு. இவ்வாறு பத்து முறை. அடுத்து முழங்கால்களை மடக்கிப் பாதங்களைத் தரையில் ஊன்றி, முழங்கால்களுக்கு இடையே பந்தை வைத்து அவ்வாறே பத்து முறை. தொடக்கத்தில் பாதி வலுவோடு நெருக்குங்கள். நாள் போகப் போகக் கூட்டுங்கள்.

வயிற்றுத் தசைகளையும் மறக்கலாகாது. அவையும் உள்ளிழு தசைகளும் இடுப்பெலும்பின் ஒரே பகுதியை மேலும் கீழுமாகப் பற்றி நிற்கின்றன. ஒரு பக்கம் தளர்ந்தால் மறுபக்கத்துக்குச் சுமை கூடும். ஆகவே படுத்தெழும் பயிற்சியை நேராகவும் குறுக்காகவும் பத்துப் பத்தாகச் செய்யுங்கள். ஐந்து சுற்றுவரை உயர்த்தலாம். முழங்கால்களுக்கு இடையே பந்தைப் பிடித்தபடி, தலையும் முழங்காலும் ஒன்றையொன்று நெருங்குமாறு உடலை மடக்குவதும் நன்று. இறுதியாக ஒற்றைக்காலில் ஐந்து நிமிடம் நின்று பழகுங்கள். டென்மார்க்கில் ஆடும் பலகைமேல் நிற்கச் செய்தார்கள். நமக்கு வெறுந்தரையே போதும். எளிதாகிவிட்டால் நான்காக மடித்த சமுக்காளத்தின்மேல் நிற்கலாம்.

இரண்டாம் படி: அசைவோடு வலு

ஏறக்குறைய இரண்டு வாரத்தில் நெருக்கும் வலி தணிந்ததும் அசைவைச் சேர்க்கவேண்டும். பக்கவாட்டில் படுத்து மேற்காலை முன்னே மடக்கி ஊன்றிக்கொண்டு, தரையிலுள்ள காலை நேராக மேலே தூக்கி மெல்ல இறக்குங்கள். பத்து முறை, ஐந்து சுற்று. அதேபோல் மேற்காலையும் தூக்கி இறக்குங்கள். காலை வெளிப்புறம் கொண்டுசெல்லும் தசையும் வலுப்பெற வேண்டுமல்லவா?

பிறகு பழைய சைக்கிள் டியூப் ஒன்றைத் தூணில் கட்டுங்கள். அதன் மறுமுனையைக் கணுக்காலில் மாட்டித் தூணுக்குப் பக்கவாட்டில் நின்று, காலை உட்புறமாக இழுத்து மெல்ல விடுங்கள். திரும்பி நின்று வெளிப்புறமாகவும் இழுங்கள். இழுப்பதைவிட விடுவதில் கவனம் வையுங்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே விடுங்கள். கூண்டை இறக்கும் எந்திரத்தின் வேலையைத் தசை கற்றுக்கொள்வது இங்கேதான். ஒற்றைக்காலில் நின்று முழங்காலைச் சற்றே மடக்கி நிமிர்த்தி, கைகளையும் அதே தாளத்தில் வீசும் பயிற்சியையும் இதனோடு சேர்க்கலாம்.

முதற்படிப் பயிற்சிகளை விட்டுவிட வேண்டாம். ஒரு நாள் அவை, மறுநாள் இவை என்று மாற்றி மாற்றிச் செய்யலாம். ஹோல்மிக் தம் ஆய்வில் வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு ஒன்றரை மணி நேரம் பயிற்சி கொடுத்தார். பத்து நிமிடம் செய்துவிட்டுப் பயனில்லை என்று சலிப்பவர் இதை நினைவிற் கொள்ளவேண்டும்.

மூன்றாம் படி: தோழன் கைப்பிடி

இனி வருவது இப்பயிற்சிகளின் அரசன். கோபன்ஹேகன் பயிற்சி என்று அந்நகரின் பெயராலேயே வழங்குகிறது. இதைத் துணையோடு செய்வதே வழக்கம். தோழன் ஒருவன் வேண்டும்.

பக்கவாட்டில் படுத்து முன்கையை ஊன்றிக்கொள்ளுங்கள். தோழன் பின்னால் நின்று உங்கள் மேற்காலைத் தன் இடுப்பளவுக்கு உயர்த்தி, ஒரு கையால் கணுக்காலையும் மறு கையால் முழங்காலையும் தாங்கட்டும். இப்போது மேற்காலின் உட்புறத் தசையால் தோழனின் கையை அழுத்தி உடலை மேலே எழுப்புங்கள். தோளும் இடுப்பும் காலும் ஒரே கோட்டில் வரவேண்டும். அதே நேரத்தில் கீழ்க்கால் எழும்பி மேற்காலைத் தொடவேண்டும். எழுவதற்கு மூன்று விநாடி. இறங்குவதற்கு மூன்று விநாடி. பிறகு மறுபக்கம். வலு போதாதவர், தோழன் முழங்காலருகே மட்டும் தாங்குமாறு தொடங்கலாம். அப்போது பளு குறையும். தோழன் இல்லாத நாளில் விசிப்பலகையின்மேல் காலை வைத்தும் செய்யலாம்.

முதல் இரண்டு வாரம் பக்கத்துக்கு 3 முதல் 5 முறை. அடுத்த இரண்டு வாரம் 7 முதல் 10. அதற்குப் பின் 12 முதல் 15. வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் போதும். புதிதாகத் தொடங்குபவருக்கு மறுநாள் தொடை கனக்கும். அது பழகாத தசையின் முணுமுணுப்பு, அஞ்ச வேண்டியதில்லை. பழைய இடத்தில் ஊசி குத்துவது போன்ற வலி வந்தால் மட்டும் நிறுத்துங்கள். டென்மார்க் இளைஞர்களிடம் நடத்தி 2016-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், எட்டு வாரத்தில் உள்ளிழு தசையின் அந்தப் 'பிடித்துவிடும்' வலு நூற்றுக்கு 36 கூடியது.

நான்காம் படி: மீண்டும் திடலுக்கு

வலு வந்தது என்று உடனே ஆட்டத்துக்கு ஓடிவிடக் கூடாது. முதலில் நேரே மெல்லோட்டம். பிறகு வேகம். பிறகு வளைந்து வளைந்து ஓடுதல், சட்டென நின்று திரும்புதல். உட்பாதத்தால் சிறு உதை. பிறகு நெடு உதை. அடுத்து அணியோடு முழுப்பயிற்சி. ஒரு வாரம் முழுப்பயிற்சியில் வலி இல்லையென்றால் ஆட்டம். ஒவ்வொரு படியிலும் மறுநாட் காலையைக் கேட்டுக்கொண்டுதான் அடுத்த படி.

ஆட்டத்துக்குத் தகுதி என்று எப்போது கொள்ளலாம்? நெருக்கும் சோதனையில் எண் 2-க்குள் நிற்கவேண்டும். காலை அகட்டினாலும், பழைய இடத்தை அழுத்தினாலும் வலிக்கலாகாது. இரு கால்களின் வலுவும் ஒத்திருக்கவேண்டும். அமெரிக்கத் தொழில்முறைப் பனி ஹாக்கி ஆட்டக்காரரை ஆராய்ந்து 2001-இல் வெளியிட்ட முடிவு ஒன்று இங்கே நினைக்கத்தக்கது. உள்ளிழு தசையின் வலு வெளியிழு தசையின் வலுவில் நூற்றுக்கு 80-க்குக் கீழே இருந்தவருக்குக் காயம் நேரும் வாய்ப்பு 17 மடங்காக இருந்தது.

எத்தனை நாள் ஆகும்? சிறு கிழிசலென்றால் இரண்டு மூன்று வாரத்தில் திரும்பிவிடலாம். எலும்பிலிருந்தே பிய்ந்ததென்றால் மாதங்கள் செல்லும். நாட்பட்ட வலியென்றால் இன்னும் பொறுமை வேண்டும். ஹோல்மிக்கின் ஆய்வில் குணமானவர்கள் ஆட்டத்துக்குத் திரும்ப, நடுத்தரமாகப் பதினெட்டரை வாரம் ஆயிற்று. நான்கு மாதத்துக்கு மேல்! நீண்ட காலம்தான். ஆனால் வாழ்நாள் முழுதும் ஆட்டத்தை விடுவதோடு ஒப்பிட்டால் அது எம்மாத்திரம்?

வருமுன் காத்தல்

வந்தபின் தீர்ப்பதைவிட வருமுன் காப்பது மேலன்றோ? நார்வே நாட்டில் 35 அணிகளைச் சேர்ந்த 652 ஆட்டக்காரர்களிடம் நடத்திய ஆய்வு 2019-இல் வெளியாயிற்று. அணிகளில் ஒரு பகுதியினர், ஆட்டப் பருவத்துக்கு முன் வாரம் மும்முறையும், பருவத்தில் வாரம் ஒருமுறையும் கோபன்ஹேகன் பயிற்சியைச் செய்தனர். தொடையிடுக்குத் தொல்லை நேரும் வாய்ப்பு அவர்களிடம் நூற்றுக்கு 41 குறைந்தது. அதற்கு அவர்கள் செலவிட்டது நாளுக்குச் சில நிமிடம். பணச் செலவோ ஒரு காசும் இல்லை.

இங்கேதான் நம் சங்கத்துத் தோழர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். நம் அணி மாலையில் ஆடத் தொடங்குமுன் இருவர் இருவராய்ப் பிரிந்து, ஒருவர் காலை ஒருவர் தாங்கி இப்பயிற்சியைச் செய்யட்டும். நம் மகளிர் அணியினரும் இதனைக் கைக்கொள்ளட்டும். விடுமுறையில் ஊர் செல்வோர் தங்கள் ஊர்த் திடலில் நான்கு சிறுவர்க்கேனும் கற்றுக்கொடுக்கட்டும். பல்கலைக்கழகத்தில் நாம் பெறும் அறிவு நம்மோடு நின்றுவிட்டால், அது நம்மை அனுப்பிவைத்த ஊருக்கு என்ன பயன் செய்தது?

என் கதையின் முடிவையும் சொல்லிவிடுகிறேன். ஐந்து மாதம் பயிற்சி செய்தேன். அடுத்த ஆண்டுத் தேர்வில் முழு நேரமும் ஆடினேன். பட்டியலில் என் பெயர் இருந்தது.

சென்ற விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தேன். திடலில் சிறுவர்களுக்குப் பயிற்சியைச் செய்துகாட்டத் துணையாள் ஒருவர் தேவைப்பட்டார். ரயிலிலிருந்து இறங்கி, சாப்பாட்டுப் பையோடு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த அண்ணன் நின்று பார்த்தார். பையைக் கீழே வைத்துவிட்டு வந்து என் காலைத் தாங்கிக்கொண்டார். நான் பத்து முறை எழுந்து இறங்கினேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு,

"இதையெல்லாம் அப்பவே யாராவது சொல்லியிருந்தா..." என்றவர், மேலே சொல்லவில்லை.

மறுநாள் மாலை ரயில் வந்த பிறகு பார்த்தேன். திடலின் ஓரத்தில் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவன் பக்கவாட்டில் படுத்திருந்தான். அவன் காலைப் பிடித்துக்கொண்டு, "மெதுவா இறக்குடா, மெதுவா! ஒண்ணு... ரெண்டு... மூணு..." என்று அண்ணன் எண்ணிக்கொண்டிருந்தார்.